குளிர்நாட்டு வீட்டில் ஹீட்டரை எப்போது போடுவது? குமரி மாவட்டத்திலிருந்து புறப்படுகிறவர்களுக்கு

ஆகஸ்ட் பிறந்தால் மார்த்தாண்டம், தக்கலை, நாகர்கோவில் பக்கங்களில் பல வீடுகளில் பெட்டி கட்டும் வேலை தொடங்கிவிடுகிறது. நேந்திரங்காய் வத்தல், மிளகாய்ப்பொடி, கருவாடு, மருந்துச் சீட்டு என்று எல்லாம் நினைவாக உள்ளே போகும். படிக்கவும் செவிலியர் வேலைக்கும் இங்கிலாந்துக்குப் போகும் பிள்ளைகளுக்கு விசா, விமானம், வங்கிக் கணக்கு பற்றிச் சொல்ல ஊரில் ஆள் உண்டு. வீட்டைச் சூடாக வைத்திருப்பது பற்றிச் சொல்ல ஆள் குறைவு. இங்கே வீட்டைச் சூடாக்க வேண்டிய தேவை யாருக்கும் வந்ததில்லை என்பதால், அதைக் கேட்க வேண்டும் என்றும் யாருக்கும் தோன்றுவதில்லை. போய் இறங்கி ஒரு மாதத்தில் அந்தக் கேள்வி வந்து நிற்கும்: ஹீட்டரை இப்போதே போடலாமா, இன்னும் பொறுக்கலாமா?

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நாள்காட்டியைப் பார்க்காதீர்கள், பக்கத்து அறைக்காரரைப் பார்க்காதீர்கள், உங்கள் உடல் சொல்வதையும் முதல் சில வாரங்களுக்கு முழுதாக நம்பாதீர்கள். அறைக்குள் ஒரு வெப்பமானி வையுங்கள். நீங்கள் புழங்கும் அறை 18 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இறங்கி, பகலிலும் மேலே ஏற மறுக்கிறதா? அன்றைக்கே ஹீட்டரைப் போடுங்கள். செப்டம்பராக இருந்தாலும் சரி, நவம்பராக இருந்தாலும் சரி.

18 என்பது நான் சொல்லும் எண் அல்ல. உலக சுகாதார நிறுவனம் 2018-ல் வெளியிட்ட குடியிருப்பு நல வழிகாட்டுதலில், குளிரும் மிதமான தட்பவெப்பமும் உள்ள நாடுகளில் வீட்டுக்குள் இருக்க வேண்டிய குறைந்தபட்ச வெப்பமாக அதைத்தான் குறிப்பிடுகிறது. இங்கிலாந்தின் சுகாதாரத் துறையும் அதிகம் பயன்படுத்தும் அறைகளுக்கு அதே அளவைத்தான் சொல்கிறது.

நம் உடல் ஏன் சரியான அளவுகோல் இல்லை

நாகர்கோவிலில் மார்கழி விடியற்காலையிலும் வெப்பம் 20 டிகிரிக்குக் கீழே போவது அபூர்வம். அந்த உடலோடு செப்டம்பர் கடைசியில் லண்டனிலோ மான்செஸ்டரிலோ இறங்குகிறவருக்கு, 20 டிகிரி உள்ள அறையே குளிரெடுக்கும். உள்ளூர்க்காரர்கள் அதே அறையில் அரைக்கைச் சட்டையோடு இருப்பார்கள். இது நோய் அல்ல, பலவீனமும் அல்ல. உடல் பழகச் சில வாரங்கள் ஆகும்.

தேங்காய் எண்ணெய் புட்டியை வைத்துக் குளிரை அளக்கும் பழக்கம் நம் வீடுகளில் உண்டு. எண்ணெய் உறைந்துவிட்டது என்றால் நல்ல குளிர் என்று பொருள். அங்கே அந்தக் கணக்கு உதவாது. தேங்காய் எண்ணெய் 24 டிகிரியை ஒட்டியே உறையத் தொடங்கிவிடும். அந்த ஊரில் நன்றாகச் சூடாக்கிய அறையிலும் அது கட்டியாகத்தான் இருக்கும். அதைப் பார்த்து ஹீட்டரைப் போடுகிறவர் கோடையிலும் போட வேண்டி வரும்.

முதல் வாரமே குளிர் தாங்காமல் 25 டிகிரிக்கு வைத்துவிட்டு, மாத முடிவில் பில்லைப் பார்த்துத் திகைப்பவர்கள் ஒரு வகை. அவர்களைப் பற்றி எனக்குப் பெரிய கவலை இல்லை. பணம் போகும், புத்தி வரும். இன்னொரு வகையினர்தான் என் கவலை. ஊரில் கல்விக் கடன் நிற்கிறது, தங்கையின் திருமணம் இருக்கிறது, மாதம் பிறந்தால் பணம் அனுப்ப வேண்டும். ஆகவே மூன்று ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு டிசம்பர் வரை ஹீட்டரைத் தொடாமல் இருப்பார்கள். அதைச் சாமர்த்தியமாகப் போனில் அம்மாவிடம் சொல்வார்கள். இங்கிலாந்தின் வடக்கே மருத்துவமனை வார்டில் வேலை பார்த்த காலத்தில், குளிர்ந்த வீடுகளிலிருந்து வந்து சேர்ந்தவர்களைக் குளிர்காலம் முழுவதும் பார்த்திருக்கிறேன். குளிர் இரத்தக் குழாய்களைச் சுருக்குகிறது, இரத்த அழுத்தத்தை ஏற்றுகிறது, மூச்சுக்குழாயை எரிச்சலூட்டுகிறது. இளைஞருக்கு அது இருமலோடு போகலாம். ஆஸ்துமா உள்ளவருக்கும் முதியவருக்கும் அப்படிப் போகாது.

புறப்படும் முன்னரே கேட்க வேண்டியவை

வாடகை பேசும்போதே மூன்று கேள்விகளைக் கேட்டுவிடுங்கள். வாடகையில் கேஸ், மின்சாரம் சேர்ந்ததா, தனியா? வீடு சூடாவது கேஸில் நீரைச் சூடாக்கிக் குழாய்களில் அனுப்பும் பாய்லரிலா, மின்சாரத்திலா? அதைக் கூட்டவும் குறைக்கவும் உங்கள் கையில் வசதி இருக்கிறதா, வீட்டுக்காரர்தான் இயக்குவாரா? பதிலை எழுத்தில் வாங்குங்கள். மின்சாரத்தால் மட்டும் சூடாகும் அறையின் வாடகை குறைவாக இருந்தால், அந்த லாபம் குளிர்காலத்தில் பில்லாகத் திரும்பி வர வாய்ப்பு அதிகம்.

நாகர்கோவில் கடைகளில் கனத்த கம்பளி தேடி அலைய வேண்டாம். பெட்டியின் எடைதான் கூடும். உடலோடு ஒட்டும் உள்ளாடை, கம்பளிக் காலுறை, தடித்த படுக்கை விரிப்பு எல்லாம் அங்கே நல்லதாகவே கிடைக்கும். வெப்பத்தையும் ஈரப்பதத்தையும் சேர்த்துக் காட்டும் சிறு மின்னணுக் கருவி ஒன்றை மட்டும் முதல் வாரத்திலேயே வாங்கிவிடுங்கள். விலை குறைவுதான், அந்தக் குளிர்காலம் முழுவதும் அதைப் பார்த்துத்தான் முடிவெடுக்கப் போகிறீர்கள்.

வீட்டுக்குள் அணிய ஒரு ஜோடி செருப்பும் வேண்டும். வீட்டுக்குள் வெறுங்காலோடு நடந்து பழகிய நமக்கு இது சற்று உறுத்தும். பாதம் குளிர்ந்தால் அறை 20 டிகிரியில் இருந்தாலும் உடல் முழுக்கக் குளிர்வதாகவே தோன்றும்.

செப்டம்பரிலேயே ஒரு முறை ஓட்டிப் பாருங்கள்

ஹீட்டரைப் போடும் நாள் வேறு, அதைச் சோதிக்கும் நாள் வேறு. கோடை முழுவதும் ஓடாமல் கிடந்த பாய்லர், முதல் கடுங்குளிர் நாளில்தான் தகராறு செய்யும். அன்றைக்கு ஊரே பழுது பார்ப்பவரைக் கூப்பிட்டுக்கொண்டிருக்கும். ஆகவே செப்டம்பரில் ஒரு நாள் அரை மணி நேரம் ஓட்டிப் பாருங்கள்.

பாய்லரின் முகப்பில் அழுத்தம் காட்டும் வட்டம் இருக்கும். குளிர்ந்திருக்கும்போது முள் 1-க்கும் 1.5-க்கும் இடையில் நிற்க வேண்டும். பிறகு அந்தச் சூடான நீர் ஓடும் சுவரோரப் பலகையான ரேடியேட்டர் ஒவ்வொன்றையும் கையால் தொட்டுப் பாருங்கள். கீழே சூடாகவும் மேலே குளிர்ந்தும் இருந்தால் உள்ளே காற்று அடைத்திருக்கிறது. ஹீட்டரை அணைத்து, ரேடியேட்டர் ஆறிய பின், மேல் ஓரத்தில் உள்ள சிறு திருகைச் சாவியால் கொஞ்சமாகத் தளர்த்தினால் காற்று சீறி வெளியேறும். நீர் கசியத் தொடங்கியதும் இறுக்கிவிட வேண்டும். அடியில் துணி வைத்துக்கொள்ளுங்கள், நீர் கறுப்பாக வரும். காற்றை வெளியேற்றிய பின் பாய்லரின் அழுத்தத்தை இன்னொரு முறை பாருங்கள். பாய்லரின் மூடியைத் திறந்து உள்ளே கை வைப்பது மட்டும் கூடவே கூடாது. அது பதிவு பெற்ற கேஸ் பொறியாளரின் வேலை.

கேஸ் உள்ள வாடகை வீட்டில் ஆண்டுக்கு ஒரு முறை பாதுகாப்புச் சோதனை செய்து அதன் சான்றிதழின் நகலை உங்களுக்குத் தருவது வீட்டு உரிமையாளரின் சட்டக் கடமை. கேட்டு வாங்குங்கள். கேட்டால் கோபித்துக்கொள்வாரோ என்ற நம் ஊர்த் தயக்கம் இதில் வேண்டாம். பாய்லர் உள்ள அறையில் கார்பன் மோனாக்சைடு அலாரம் இருக்க வேண்டும் என்பதும் 2022 அக்டோபர் முதல் இங்கிலாந்தில் சட்டம். அந்த வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தலைவலியும் குமட்டலும் வீட்டில் இருக்கும்போது வந்து, வெளியே போனால் சரியாகிறது என்றால் உடனே சன்னல்களைத் திறந்து வெளியேறுங்கள். கேஸ் அவசர உதவி எண் 0800 111 999. அதைப் போனில் இப்போதே பதிந்துவையுங்கள். கரி அடுப்பை அறைக்குள் மூட்டிக் குளிர் காயும் எண்ணம் யாருக்காவது இருந்தால் அதை இங்கேயே விட்டுவிட்டுப் போங்கள். மூடிய அறையில் அது உயிரை எடுத்துவிடும்.

எண்ணைப் பார்த்து முடிவெடுப்பது

வெப்பமானியைச் சன்னலோரத்திலோ ரேடியேட்டரின் மேலோ வைக்காதீர்கள். உட்கார்ந்தால் மார்பளவு உயரத்தில், வெயில் படாத உள்சுவர்ப் பக்கம் வையுங்கள். காலையில் எழுந்ததும் ஒரு முறை, மாலையில் ஒரு முறை பாருங்கள். காலையில் 17, மாலையில் 19 என்றால் வீடு இன்னும் பகல் வெயிலை வாங்கிச் சமாளிக்கிறது. சன்னல் திரையைப் பகலில் விலக்கி, இருட்டியதும் இழுத்து மூடினால் போதும். மாலையிலும் 18-ஐத் தொடவில்லை, அடுத்த நாளும் அப்படியே என்றால் போட்டுவிடுங்கள்.

அக்டோபர் கடைசி ஞாயிறு அங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளி வைப்பார்கள். அதுவரை ஹீட்டரைத் தொடுவதில்லை என்று விரதம் போல இருப்பவர்கள் அந்த நாட்டிலேயே ஏராளம். அவர்களைப் பார்த்து நீங்களும் காத்திருக்க வேண்டாம். அவர்கள் வீடு தெற்குப் பார்த்த நல்ல சுவர் உள்ள வீடாக இருக்கலாம். உங்கள் அறை வடக்குப் பார்த்த, ஒற்றைக் கண்ணாடிச் சன்னல் உள்ள மாடி அறையாக இருக்கலாம். ஒரே தெருவில் இரண்டு வீடுகளுக்கு இடையே பல நாள் வித்தியாசம் வரும்.

கைக்குழந்தை, முதியவர், ஆஸ்துமாவோ இதய நோயோ உள்ளவர் வீட்டில் இருந்தால் இரண்டு நாள் பொறுத்துப் பார்க்கும் கணக்கே வேண்டாம். 18-க்குக் கீழே வந்ததும் போடுங்கள். குழந்தை தூங்கும் அறைக்கு அங்கே சொல்லப்படும் அளவு 16 முதல் 20 டிகிரி. அதிகச் சூடும் குழந்தைக்கு ஆபத்துதான். நம் வழக்கப்படி போர்வையை அடுக்கிச் சுற்றிவிடாதீர்கள்.

பேறுகாலம் பார்க்க ஊரிலிருந்து அம்மா வந்திருந்தால் அவரைத் தனியாகக் கவனியுங்கள். பில்லை நினைத்து, நாள் முழுக்க வீட்டில் தனியாக இருக்கும்போது ஹீட்டரை அணைத்துவிட்டு, நீங்கள் வேலை முடிந்து வரும் நேரத்தில் போட்டுவைப்பார். கேட்டால், "எனக்கு ஒன்றும் குளிரவில்லை மக்களே" என்பார். அந்தப் பதிலை ஏற்காதீர்கள். அவர் விரலைத் தொட்டுப் பாருங்கள், வெப்பமானியைப் பாருங்கள். அறை எத்தனை டிகிரியில் இருக்க வேண்டும் என்று வைக்கும் தெர்மோஸ்டாட்டை அவர் கையாலேயே இயக்கப் பழக்கி, 20-ல் இருக்கட்டும் என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போங்கள்.

குளிரைவிடக் கள்ளத்தனமானது ஈரம்

இடவப்பாதி மழையும் ஐப்பசி மழையும் இரண்டும் வாங்குகிற மாவட்டம் நம்முடையது. சுவரில் கறுப்பு படர்வதும் அலமாரித் துணியில் பூஞ்சணம் பிடிப்பதும் நமக்குப் புதிதல்ல. இங்கே ஈரம் வெளியிலிருந்து வருகிறது. மழை விட்டு இரண்டு நாள் வெயில் அடித்தால் சன்னலைத் திறந்து, துணியைக் காயப் போட்டு, சரிசெய்துவிடுகிறோம். அங்கே ஈரம் பெரும்பாலும் நம்மிடமிருந்தே பிறக்கிறது. மூச்சு, குளியல், சமையல், உலரும் துணி எல்லாம் நீராவியைக் காற்றில் ஏற்றுகின்றன. சூடான காற்று அதைத் தாங்கும். அந்தக் காற்று குளிர்ந்த சுவரையும் கண்ணாடியையும் தொட்டதும் நீர் விடுகிறது. ஹீட்டர் போடாத வீட்டில் எல்லாச் சுவர்களும் குளிர்ந்தவைதான். வெளிச்சுவரை ஒட்டிய அலமாரியின் பின்புறத்தில் முதலில் கறுப்புப் புள்ளிகள் தோன்றும், பிறகு மூலைகளில், பிறகு மெத்தையின் அடியில்.

நம் சமையல் இதை இன்னும் கூட்டுகிறது. புழுங்கலரிசியை அகலப் பானையில் முக்கால் மணி நேரம் கொதிக்கவிட்டுக் கஞ்சி வடிக்கிறோம்; மரச்சீனி அவிக்கிறோம்; பிறகு புளிமுளம் கொதிக்கிறது. அந்த ஆவி முழுவதும் ஒரு சிறு வீட்டின் சுவர்களில் போய் உட்காருகிறது. பானையை மூடி வேகவையுங்கள், அடுக்களைக் கதவைச் சாத்துங்கள், அடுப்புக்கு மேலே ஆவியை வெளியேற்றும் மின்விசிறியைச் சமைத்து முடித்த பிறகும் கால் மணி நேரம் ஓடவிடுங்கள். குளியலறைக்கும் இதே முறைதான். துவைத்த துணியைப் படுக்கையறை ரேடியேட்டரில் விரிக்காதீர்கள். வேறு வழியில்லை என்றால் ஒரே அறையில் கதவைச் சாத்தி, சன்னலைக் கொஞ்சம் திறந்துவைத்து உலர்த்துங்கள்.

குளிர் உள்ளே வரும் என்று பயந்து நம்மவர்கள் அக்டோபரில் மூடிய சன்னலை ஏப்ரலில்தான் திறக்கிறார்கள். இது சரியல்ல. காலையிலும் மாலையிலும் ஐந்து முதல் பத்து நிமிடம் சன்னல்களை அகலத் திறந்து காற்றை மாற்றுங்கள். அந்த நேரத்தில் ஹீட்டரை அணைத்து வையுங்கள். காற்றுதான் குளிரும், சுவர்களில் சேர்ந்த சூடு அவ்வளவு விரைவில் போகாது. கருவியில் ஈரப்பதம் 40 முதல் 60 சதவீதத்துக்குள் இருந்தால் நல்லது. வெப்பம் 18-க்கு மேலே இருந்தும் ஈரப்பதம் நாள்கணக்கில் 70-ஐத் தாண்டி நிற்கிறது, காலையில் கண்ணாடியில் நீர் வடிகிறது என்றால் அதுவும் ஹீட்டரைப் போட வேண்டிய அறிகுறிதான். நான் இதை வெப்பத்துக்கு இணையான காரணமாகவே வைக்கிறேன்.

இதை நான் பெரிதுபடுத்தவில்லை. 2020 டிசம்பரில் ரோச்டேல் நகரில் அவாப் இஷாக் என்ற இரண்டு வயதுக் குழந்தை, வீட்டுப் பூஞ்சணத்தை நெடுநாள் சுவாசித்ததால் வந்த மூச்சுக் கோளாறில் இறந்ததாக மரண விசாரணை முடிவு செய்தது. அந்தக் குழந்தையின் பெயரிலேயே சட்டம் வந்து, 2025 அக்டோபரில் சமூகக் குடியிருப்புகளுக்கு, அதாவது அரசு சார்ந்த குறைந்த வாடகை வீடுகளுக்கு, நடைமுறைக்கு வந்தது. உங்கள் வீட்டில் பூஞ்சணம் கண்டால் தேதியோடு படம் எடுத்து, உரிமையாளருக்கு மின்னஞ்சலில் எழுதுங்கள். போனில் சொல்வது நிற்காது. சூடாக்கும் சாதனத்தைப் பழுது நீக்கித் தருவதும் அவர் பொறுப்பு.

போட்ட பிறகு எப்படி வைப்பது

தெர்மோஸ்டாட்டை 30-ல் வைத்தால் வீடு விரைவாகச் சூடாகாது. 19-ல் வைத்தாலும் அதே வேகத்தில்தான் ஏறும். எங்கே நிறுத்துவது என்பதை மட்டுமே அது முடிவு செய்கிறது. 18-லிருந்து தொடங்குங்கள். ஒரு வாரம் கழித்தும் குளிர்ந்தால் ஒரு டிகிரி கூட்டுங்கள்.

நேரத்தை உங்கள் நாளுக்கேற்ப அமைத்துக்கொள்ளுங்கள். எழுவதற்கு அரை மணி முன் தொடங்கி, வெளியேறுவதற்கு அரை மணி முன் நிற்கட்டும். மாலையில் அதே முறை. இரவுப் பணி பார்க்கும் செவிலியர்கள் முந்தைய குடித்தனக்காரர் வைத்துவிட்டுப் போன நேரத்தை மாற்றாமல் விட்டுவிடுகிறார்கள். காலை எட்டரைக்குக் களைத்து வந்து படுக்கும்போது வீடு குளிர்ந்திருக்கும், நீங்கள் வார்டில் நிற்கும் நேரத்தில் சூடாக இருக்கும். முதல் நாளே அதை மாற்றுங்கள்.

ரேடியேட்டரின் ஓரத்தில் 1 முதல் 5 வரை எண் போட்ட திருகு இருக்கும். புழங்கும் அறைக்கு 3, புழங்காத அறைக்கு 1 போதும். புழங்காத அறையை முழுதாக அணைத்துவிடாதீர்கள், பூஞ்சணம் அங்கேதான் குடியேறும். சோபாவையும் நீளத் திரையையும் ரேடியேட்டருக்கு முன்னே வைக்காதீர்கள். வீட்டில் நீர்த் தொட்டி இல்லாத காம்பி பாய்லர் என்றால், ரேடியேட்டருக்குப் போகும் நீரின் வெப்பத்தை 60 டிகிரி அளவுக்குக் குறைத்துவைத்தால் கேஸ் குறைவாகச் செலவாகும். தொட்டி உள்ள அமைப்பில் இதைக் கேட்காமல் குறைக்க வேண்டாம். தேங்கும் நீர் 60 டிகிரிக்குச் சூடாகாவிட்டால் அதில் நோய்க்கிருமி வளரும்.

பணக் கணக்கு

2025-ல் கேஸ் யூனிட் 6 முதல் 7 பென்ஸ், மின்சாரம் 25 முதல் 27 பென்ஸ் என்ற அளவில் இருந்தது. யூனிட்டுக்கு நிறுவனங்கள் வாங்கக்கூடிய உச்சவரம்பு விலையை மூன்று மாதத்துக்கு ஒரு முறை மாற்றுகிறார்கள். அக்டோபர், ஜனவரி மாற்றங்களைக் கவனியுங்கள். இந்த விலை வித்தியாசத்தை மனத்தில் வைத்தால் பல தவறுகளைத் தவிர்க்கலாம். பாய்லரை அணைத்துவிட்டு அறைக்குள் 2 கிலோவாட் மின்ஹீட்டரை ஐந்து மணி நேரம் ஓட்டினால் 10 யூனிட், அதாவது இரண்டரைப் பவுண்டுக்கு மேல். கேஸ் உள்ள வீட்டில் பெரும்பாலும் அது சேமிப்பு ஆகாது. ஒருவர் மட்டும், ஒரு சிறு அறையில், ஒரு மணி நேரம் என்றால் சரி. அதை எக்ஸ்டென்ஷன் வயரில் மாட்டாதீர்கள், மேலே துணி உலர்த்தாதீர்கள், போட்டபடியே தூங்காதீர்கள். படுக்கையைச் சூடாக்க மின்விரிப்பு போதும். அது 100 வாட் அளவில்தான் இழுக்கும்.

சிலர் வீட்டில் இரவு மலிவு மின்சாரத்தில் சூட்டைச் சேமித்துப் பகலில் வெளியிடும் கனத்த பெட்டி இருக்கும். அதற்கு நாளைய குளிரை இன்றிரவே கணிக்க வேண்டும். மாலை வானிலை அறிவிப்பைப் பார்த்து உள்வாங்கும் திருகை வையுங்கள்; இரவில் வெளியிடும் திருகைக் குறைந்த அளவில் வையுங்கள், இல்லாவிட்டால் நீங்கள் வீட்டுக்கு வரும் நேரத்தில் பெட்டி ஆறிப்போயிருக்கும்.

நாலு பேர் சேர்ந்து எடுத்த வீட்டில் சண்டை வருவது இதில்தான். செப்டம்பரிலேயே எல்லோரும் உட்கார்ந்து, கூடத்தில் ஒரு வெப்பமானி, 18-க்குக் கீழே போனால் போடுவது, பில் சமமாகப் பங்கு என்று எழுதிக்கொள்ளுங்கள். யார் குளிருக்கு யார் பணம் கட்டுவது என்ற பேச்சுக்கு அப்போது இடமிருக்காது.

ஜெர்மனிக்குப் போகிறவர்களுக்கு ஒன்று: அங்கே வாடகை வீடுகளில் அக்டோபர் 1 முதல் ஏப்ரல் 30 வரை சூடாக்கும் காலம் என்பது வழக்கம், பகலில் 20 முதல் 22 டிகிரி வரை சூடாகும்படி உரிமையாளர் அமைப்பை இயக்க வேண்டும். அந்தத் தேதிக்கு முன்னரே வீடு குளிர்ந்தாலும் கேட்கலாம். காற்று மாற்றும் பழக்கத்தைப் பலர் வாடகை ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுவார்கள்.

கிறிஸ்துமஸுக்கு ஊருக்கு வரும்போது

டிசம்பரில் விடுப்பு கிடைத்து ஊருக்குப் புறப்படும்போது ஹீட்டரை முழுதாக அணைத்துவிட்டு வரத் தோன்றும். அணைக்காதீர்கள். ஆளில்லாத வீட்டில் குழாய் நீர் உறைந்து விரிந்தால் குழாய் வெடிக்கும். நீங்கள் குமரியில் இருக்கும்போது அங்கே கூரை வழியாக நீர் கொட்டும். தெர்மோஸ்டாட்டை 10 டிகிரி அளவில் வைத்து, நாள் முழுவதும் இயங்கும் நிலையில் விட்டு வாருங்கள். வீட்டுக்குள் வரும் நீரின் மூலவால்வை மூடும் முன், பாய்லருக்கு அதனால் பாதிப்பில்லையா என்று உரிமையாளரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். உள்கதவுகளைத் திறந்துவையுங்கள். முன்கட்டணம் செலுத்தும் மீட்டர் என்றால் திரும்பும் நாள் வரை போதுமான பணம் ஏற்றிவிட்டு வாருங்கள். பணம் தீர்ந்தால் கேஸும் நிற்கும். ஒரு சாவியை அருகில் உள்ள நண்பரிடம் கொடுத்து, கடுங்குளிர் அறிவிப்பு வரும் நாளில் எட்டிப் பார்க்கச் சொல்லுங்கள்.